ஓபிஎம் ஃப்ளோ: சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு

நிலத்தடி எண்ணெய், எரிவாயு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடச் சில ஆண்டுகளாக ஓபிஎம் ஃப்ளோ என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. தேக்கம் (எண்ணெயும் வாயுவும் தங்கியிருக்கும் நிலத்தடிப் பாறை) முழுவதையும் பார்க்க இதைத் தாராளமாக நம்பலாம். கிணற்றடிக்கு வந்தால்தான் நிதானம் வேண்டும்.

ராமநாதபுரம் கடலோரத்தில், பெரியபட்டினம், காஞ்சிரங்குடி பக்கம் எரிவாயுக் கிணறுகள் உண்டு. ஆனால் அவற்றின் தரவு நம் கைக்கு வராது. அதனால் எல்லாரையும் போல நானும் 1981-இல் வந்த எஸ்பிஇ (பெட்ரோலியப் பொறியாளர் சங்கம்) ஒப்பீட்டு மாதிரியில்தான் தொடங்கினேன். தேக்கத்தைப் பிரித்துப் போடும் கட்டங்கள் மொத்தமே 300, சாதாரண லேப்டாப்பே போதும். எக்லிப்ஸ் என்ற வணிக மென்பொருளின் வடிவ உள்ளீட்டுக் கோப்பை ஃப்ளோ அப்படியே படிக்கும். கோப்பில் தெரியாத குறிச்சொல் (கட்டளைச் சொல்) வந்தால் முகத்திலடித்தாற்போல் நின்றுவிடும். எனக்கு அது பிடிக்கும்.

சிக்கலுக்கு வருவோம். 100 மீட்டர்க் கட்டத்தில் கிணறு வைத்தால், அந்தக் கட்டத்துக்கு ஃப்ளோ சொல்லும் அழுத்தம் கிணற்றின் அழுத்தம் அல்ல. பீஸ்மேன் என்ற ஆய்வாளர் 1978-இல் தந்த சூத்திரப்படி, சதுரக் கட்டம் என்றால் அது கிணற்றிலிருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி இருக்கும் அழுத்தம். கிணற்றின் ஆரமோ ஏறக்குறைய 0.1 மீட்டர். ஆரத்தின் மடக்கையைப் பொறுத்தே அழுத்தம் இறங்குவதால், ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் மொத்த இறக்கத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி 20 மீட்டரிலேயே நடந்துவிடுகிறது. கிணற்றின் அழுத்தத்தைச் சூத்திரம் ஈடுகட்டித் தந்துவிடும், சரி. ஆனால் கண்டன்சேட் வாயுவில் அது போதாது. கிணற்றருகே அழுத்தம் பனிநிலைக்கு (திரவம் பிரியத் தொடங்கும் அழுத்தம்) கீழே போனால் திரவம் பிரிந்து வாயுவின் வழியை அடைக்கும். பெரிய கட்டத்தின் அழுத்தம் இன்னும் மேலேயே இருப்பதால், ஃப்ளோ திரவமே இல்லை என்று காட்டும்.

கட்டத்தைச் சிறிதாக்கினால் அது தெரியும். அப்புறம் வேகம் போய்விடும்: தீர்வு ஒரு விடையில் நிலைகொள்ளாமல் காலப்படியை (ஒரு தடவையில் கணக்கிடும் கால அளவை) மூன்றில் ஒன்றாக வெட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஊர் வெயிலில் ஃபேன் அலறும். மின்வெட்டுக்குப் பயந்து இடைநிலைக் கோப்புகளைச் சேமிக்கச் சொல்லிவிடுவேன்; விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

படம் பார்க்க ரெஸ்இன்சைட் போதும், அதுவும் இலவசம். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. கிணற்றடி ஆய்வுதான் முக்கியம் என்றால், பெரிய கட்டத்திலும் சிறிய கட்டத்திலும் ஒரே கிணற்றை ஓட்டி ஒப்பிடாமல் எந்த எண்ணையும் அறிக்கையில் போடாதீர்கள்.