கண்ணாடி டீபாட் வாங்கி டீ பார்ட்டி வச்ச கதை (ரிவ்யூவும் இதுலயே இருக்கு)

போன மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ஏழு பேர வீட்டுக்கு டீக்கு கூப்பிட்டேங்க. விருந்தெல்லாம் இல்ல, நாலு மணிக்கு வந்து டீ குடிச்சிட்டு பேசிட்டு ஏழு மணிக்கு கெளம்பணும், அவ்ளோதான். சாப்பாடுன்னு சொன்னா ரெண்டு நாள் முன்னாடியே காய் வாங்க ஓடணும், டீன்னா ஈசின்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புலதான் ஆன்லைன்ல ஒரு கண்ணாடி டீபாட் செட்டும் ஆர்டர் போட்டேன். டீபாட்டு, உள்ள தொங்குற ஸ்டீல் வடிகட்டி, கீழ மெழுகுவர்த்தி வைக்கிற ஸ்டாண்டு, நாலு குட்டி கப், எல்லாம் சேர்த்து 1,399 ரூவா. பிராண்ட் பேரு போடல, ஏன்னா இதே அச்சு பாட்ட ஏகப்பட்ட பேர்ல விக்கிறாங்க, எதத் தேடினாலும் இதே மூக்கு இதே மூடிதான் வருது, அதனால எதுல வாங்குனாலும் நான் சொல்றது அநேகமா பொருந்தும்.

பார்சல் நல்லாத்தான் வந்துச்சு. தெர்மாகோல் வச்சு கெட்டியா கட்டியிருந்தாங்க, ஒண்ணும் ஒடையல. பிரிச்சு டேபிள் மேல வச்சதும் எங்க அத்தை வந்து பார்த்துட்டு, "ஏங் கண்ணு, இதென்ன ஆஸ்பத்திரி ஜாடியாட்டம் இருக்குது, இதுல எத்தன பேத்துக்கு ஊத்துவ?"ன்னு கேட்டாங்க. அப்ப சிரிச்சிட்டேன், ஆனா அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

டப்பா மேல 1200 மில்லின்னு போட்டிருக்கு. அளக்குற கப்புல ஊத்திப் பார்த்தேன், 1200 ஊத்துனா விளிம்பு வரைக்கும் வந்துருது, மூடிய வச்சு சாய்ச்சா மூக்கு வழியா வர்றதுக்கு முன்னாடி மூடி வழியா வருது. சிந்தாம ஊத்தணும்னா 900, மிஞ்சிப் போனா 950. செட்டுல வர்ற கப்பு ஒண்ணுக்கு 80 மில்லிதான் பிடிக்குது, அதுவும் நாலே நாலு. எட்டு பேர் உக்காந்திருக்கிற எடத்துல நாலு கப்ப வச்சுக்கிட்டு என்ன பண்றது, மீதி நாலு பேருக்கு வீட்டு ஸ்டீல் டம்ளர்தான்.

சரி, முதல்ல நான் பண்ணுன முட்டாள்தனத்த சொல்லிடறேன். பார்ட்டிக்கு முந்துன நாள் ட்ரையல் பார்க்கலாம்னு வழக்கமா போடுற பால் டீய இதுல ஊத்தி வச்சேன். பத்து நிமிசத்துல மேல ஆடை கட்டிருச்சு, அந்த ஆடை போயி மூக்குக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் மாதிரி கம்பியில ஒட்டிக்கிச்சு, டீ சொட்டுச் சொட்டா வருது. பாக்கவும் நல்லாயில்ல, கண்ணாடியில பால் கறை ஏறி எறங்கி வளையம் வளையமா நிக்குது. கழுவறதுக்கு மூக்குக்குள்ள வெரல் போகாது, பொண்ணோட வாட்டர் பாட்டில் ஸ்ட்ரா கழுவுற குட்டி பிரஷ் இருந்ததால தப்பிச்சேன். அப்புறம் வீட்டு டஸ்ட் டீத்தூள வடிகட்டியில போட்டு வெறும் தண்ணி ஊத்திப் பார்த்தேன். தூளு பாதி ஓட்டை வழியா எறங்கி கீழ சேறு மாதிரி படிஞ்சிருச்சு. ஆக நம்ம வீடுகள்ல தெனம் போடுற டீ, அதாவது டஸ்டும் பாலும், அதுக்கு இந்த பாட்டு லாயக்கே இல்ல. இத வாங்குறவங்க முதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது இது ஒண்ணுதான், ஆனா விக்கிற பக்கத்துல எங்கயும் போட்டிருக்க மாட்டாங்க, போட்டோவுல மட்டும் செக்கச்செவேல்னு ஒரு டீயும் பக்கத்துல ரெண்டு ரோஜாப்பூவும் இருக்கும்.

அதனால பிளான மாத்திட்டேன். முதல் ரவுண்டு பால் டீ, அடுப்புல, அடிகனமான பாத்திரத்துல. ஒரு லிட்டர் பால், 600 மில்லி தண்ணி, தூள் ஆறு ஸ்பூன் குமிச்சு. இஞ்சிய தட்டி தண்ணியிலயே நல்லா கொதிக்க விட்டுட்டு அப்புறம்தான் பால் ஊத்தணும், பச்சை இஞ்சிய நேரா பால்ல போட்டா சில நேரம் திரிஞ்சிரும். இத ரெண்டு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க்ல ஊத்தி டேபிள்ல வச்சிட்டேன். ரெண்டாவது ரவுண்டுக்குத்தான் கண்ணாடி பாட்டு.

தின்றதுக்கு ஊட்டி வர்க்கி, தேங்காய் பன், கொஞ்சம் முறுக்கு, எல்லாம் வாங்குனது. இதோட நிறுத்தியிருக்கலாம். கெத்து காட்டறேன்னு வெங்காய பஜ்ஜி வேற சுட ஆரம்பிச்சேன், அரைமணி நேரம் அடுப்படியிலயே நின்னேன், ஹால்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, எதுக்கு சிரிக்கிறாங்கன்னே எனக்குத் தெரியல. வர்க்கி மட்டும் வச்சிருந்தாலே போதும்ங்க, அத டீயில முக்கி எடுக்குறப்ப மேல் அடுக்கு ஊறி உள் அடுக்கு இன்னும் மொறுமொறுன்னு இருக்குற அந்த ரெண்டு செகண்டுக்கு எந்த பஜ்ஜியும் ஈடில்ல. 2023-ல அதுக்கு புவிசார் குறியீடு கூட குடுத்துட்டாங்க.

இப்ப பாட்டுக்கு வர்றேன். நாங்க எல்லாரும் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி. பாட்ட கொண்டு வந்து வச்ச ஒடனே ஒருத்தி "அடியே, கோனிகல் ஃபிளாஸ்க்க லேப்ல இருந்து தூக்கிட்டு வந்துட்டியா"ன்னு ஆரம்பிச்சா. அவ சொன்னது பாதி உண்மை, லேப் பீக்கர் செய்யுற அதே போரோசிலிகேட் கண்ணாடிதான் இது. சூட்டுல ரொம்ப விரியாது, அதனால கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்தலாம், சாதா கண்ணாடி மாதிரி பட்டுன்னு விரிசல் விடாது. இந்த விசயத்துல பாட்டு மேல ஒரு குறையும் இல்ல, இதுவரைக்கும் இருபது முப்பது தடவ கொதி தண்ணி ஊத்தியாச்சு.

டீ நான் குன்னூர் போனப்ப வாங்கிட்டு வந்த ஆர்த்தடாக்ஸ் இலை. நம்ம வீட்டுல வாங்குறது சிடிசி, இலைய மெஷின்ல நசுக்கி கிழிச்சு உருண்டையாக்குறது, ஒடனே கலர் எறங்கும், பாலுக்குத் தாங்கும். ஆர்த்தடாக்ஸ்ங்கிறது இலைய உருட்டி முறுக்கி காய வைக்கிறது, மெதுவாத்தான் எறங்கும், பால் ஊத்துனா வாசமே அமுங்கிப் போயிரும். 900 மில்லிக்கு பத்து கிராம் போட்டேன், ஸ்பூன் கணக்குல அஞ்சு வரும், இலை லேசா இருக்கும். தண்ணி ஊத்துனதும் இலை ஒவ்வொண்ணா பிரிஞ்சு விரியுறதும், கீழ இருந்து பழுப்பு நெறம் புகை மாதிரி சுருண்டு எறங்குறதும் கண்ணாடி வழியா தெரியுது பாருங்க, பேசிட்டிருந்த எட்டு பேரும் வாய மூடிட்டு அதையே பாத்தோம். காசு குடுத்தது அதுக்குத்தான்னு கூட சொல்லலாம்.

ஆனா நாலு நிமிசத்துல வடிகட்டிய வெளிய எடுத்துரணும், இல்லன்னா கசந்துரும். எடுக்குறதுக்கு பிடியே கிடையாது! விளிம்புல ரெண்டு வெரல் வச்சு தூக்கணும், சுடுது, சொட்டுது, கீழ வைக்க ஒரு தட்டும் குடுக்கல. நான் கரண்டிக் காம்ப உள்ள விட்டு தூக்கி வர்க்கி தட்டுல வச்சேன், நாலு வர்க்கி நனைஞ்சு வீணாப் போச்சு. இன்னொண்ணு, வடிகட்டி நீளம் பத்தல. ரெண்டு பேருக்குன்னு 400 மில்லி போட்டா தண்ணி இலைய தொடவே மாட்டேங்குது, இலை மேல அந்தரத்துல தொங்கிட்டு இருக்கு. பாதிக்கு மேல தண்ணி ஊத்துனாத்தான் வேல செய்யும்.

மெழுகுவர்த்தி ஸ்டாண்டு பத்தி சொல்லணும். டீய சூடு பண்ணாது, ஆறுறத கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்ளோதான். வீட்டுல இருக்கிற சமையல் தெர்மாமீட்டர வச்சு இன்னொரு நாள் பார்த்தேன், 92 டிகிரியில வச்சது நாப்பது நிமிசம் கழிச்சு மெழுகுவர்த்தி மேல 63, வெறுமன வச்சா 51. குடிக்கிற சூடுன்னு பார்த்தா அந்த வித்தியாசம் பெருசுதான். ஆனா இது ஃபேன் போடாத ஊருக்கு செஞ்ச சாமான். மார்ச் மாசக் கோயம்புத்தூர்ல ஃபேன நிறுத்துனா மனுசங்க வேர்த்து ஊத்துறாங்க, போட்டா மெழுகுவர்த்தி அணையுது. மூணு தடவ பத்த வச்சேன், நாலாவது தடவ எல்லாரும் ஹேப்பி பர்த்டே பாட ஆரம்பிச்சிட்டாங்க.

குடிச்சதுல பால் இல்லாத டீய ஒருத்தியத் தவிர யாரும் முதல் வாயில ரசிக்கல, அதையும் மறைக்காம சொல்லிடறேன். அந்த ஒருத்தி நீலகிரி பந்தலூர்க்காரி. அவங்க தாத்தா இலங்கை மலையகத்துலேர்ந்து வந்தவரு, 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இங்க அனுப்பி வச்சாங்களே அந்த மக்கள். அவங்களுக்கு வேலை குடுக்கத்தான 1968-ல அரசாங்கமே தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சுது, இப்ப டேன்டீன்னு சொல்றாங்களே அதான், அவ வளர்ந்தது அங்க தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டுன லைன் வீட்டுல. அவங்க வீட்டுல பால் இல்லாத டீக்கு வெறுந்தேத்தண்ணின்னு பேரு, சீனிய டீயில போட மாட்டாங்களாம், உள்ளங்கையில கொஞ்சம் வச்சுக்கிட்டு ஒரு வாய் சீனி ஒரு வாய் தேத்தண்ணி. எங்களுக்கும் அப்படியே பண்ணிக் காட்டுனா, நான் சர்க்கரைக்கு பதிலா சின்னதா வெல்லம் ஒடச்சு குடுத்தேன். அப்படிக் குடிச்சதும் மத்தவங்களும் ரெண்டாவது கப்பு கேட்டாங்க. நானும் இப்ப அப்படித்தான் குடிக்கிறேன்.

கடைசியில ஒண்ணு பண்ணுனோம். எங்க காம்பவுண்டு சுவர்ல சங்குப்பூ கொடி இருக்கு, காய வச்ச பூ பன்னெண்டு போட்டு சுடுதண்ணி ஊத்துனேன். பாட்டு முழுக்க நீலம்னா நீலம், இங்க் பாட்டில் மாதிரி. ஒரு கப்புல எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவா மாறுது, இன்னொரு கப்புல ஒருத்தி ஒரு சிட்டிகை சமையல் சோடாவ போட்டா, அது பச்சை கலந்த நீலமா போச்சு. பூவுல இருக்கிற ஆந்தோசயனின்ங்கிற நிறப்பொருள் அமிலத்துக்கு ஒரு நெறம் காரத்துக்கு ஒரு நெறம் காட்டும், பதினஞ்சு வருசம் முன்னாடி லேப்ல ப்யூரெட்ட, அதான் சொட்டுச் சொட்டா ஊத்துற கண்ணாடிக் குழாய, பிடிச்சுக்கிட்டு எண்ட் பாயிண்ட், அதாவது நெறம் மாறுற அந்த நேரம், வந்துச்சா வரலியான்னு சண்ட போட்டது எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஞாபகம் வந்து, அப்புறம் ஏழு மணிக்கு கெளம்ப வேண்டியவங்க ஒம்பதரைக்குத்தான் கெளம்புனாங்க. ருசின்னு பார்த்தா சங்குப்பூ டீயில ஒண்ணும் இல்ல, சும்மா பச்சை இலை வாசம்தான். ஆனா இத ஸ்டீல் ஃபிளாஸ்க்ல பண்ணியிருந்தா யார் திரும்பிப் பார்த்திருப்பா.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். பால் இல்லாத டீயோ, சங்குப்பூ, புதினா, எலுமிச்சைப்புல் மாதிரியோ போடுற பழக்கம் இருந்தா, நாலஞ்சு பேர் வந்தா, தாராளமா வாங்கலாம். எட்டு பேருக்கு பால் டீன்னா இந்தக் காசுக்கு நல்ல ஃபிளாஸ்க்கா பாருங்க. கப்பு இல்லாம வெறும் பாட்டு மட்டும் விக்கிறாங்கன்னா அதையே வாங்குங்க, அந்த 80 மில்லி கப்புல இப்ப என் பொண்ணு வெந்தயம் மொளைக்க வச்சிருக்கா.

ஊத்துறப்ப மட்டும் ஒரு வெரல மூடி மேல வச்சுக்கோங்க. பாட்டு ரொம்ப சாய்ஞ்சா மூடி நழுவும், பிடிக்கிற லாக் எதுவும் இல்ல. பார்ட்டி அன்னிக்கு தப்பிச்சோம், அடுத்த வாரம் அத்தை அதுல சீரகத் தண்ணி போட்டு ஊத்துறப்ப மூடி விழுந்து ஒடைஞ்சே போச்சு. அவங்களுக்குத்தான் இப்ப அந்த பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு, காப்பி சாசர மூடியா கவுத்து ஓட்டிட்டிருக்காங்க. மூடி மட்டும் தனியா கெடைக்குமான்னு வித்தவங்களுக்கு மெசேஜ் போட்டிருக்கேன், ஒரு வாரமாச்சு, இன்னும் பதில் வரல.