பத்தாவதுக்குப் பிறகு: பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா, கொலுசுப் பட்டறையா?

அக்கா பையன் பத்தாவது முடித்துவிட்டான். வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். மாமாவுக்குக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. போன ஞாயிறு அக்கா கூப்பிட்டார். "தம்பி, நான் பிளஸ் டூ படிச்சு இன்ஜினியர் ஆகட்டும்ங்கறேன். உங்க மாமா பாலிடெக்னிக் போதும்ங்கறார். பட்டறைக்காரர் பையனை இங்கேயே விடுங்கங்கறார். நீ வந்து கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். பையனின் நோட்டிலேயே ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்ட கணக்கு இது.

முதலில் பட்டறை. மாமா உட்கார்ந்து வேலை செய்வதை அரை மணி நேரம் பார்த்தேன். இடது கையில் இடுக்கி, வலது கையில் காஸ் தீ. நூல் கனத்துக்கு இருக்கும் வெள்ளிக் கம்பியின் இரண்டு முனையும் ஒட்டும்போது தீயை இழுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கம்பியே உருகிவிடும். இந்தக் கைப்பதம் வர அவருக்கு வருடங்கள் ஆயின. இதுவும் படிப்புதான், இதுவும் மனித மூலதனம்தான், அதாவது பின்னால் வருமானம் தரும் என்று ஒருவர் தன்னிடமே சேர்த்துவைக்கிற திறமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கற்றுக்கொள்ளும்போதே கூலியும் வருகிறது. ஆனால் சேலத்தில் கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு என்று வேலை பிரிந்து கிடக்கிறது. முழுக் கொலுசையும் செய்யத் தெரிந்தவருக்கு ஊரில் மதிப்பு உண்டு. ஒரு கட்டம் மட்டும் தெரிந்தவருக்கு, வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்தால் அந்த மாதம் கூலியும் குறையும். அந்தக் கைப்பதத்தை எடுத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போகவும் முடியாது.

1964இல் மனித மூலதனம் பற்றிய நூலில் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் பிரித்துக் காட்டியது ஏறக்குறைய இதைத்தான். எங்கே போனாலும் செல்லும் பயிற்சிக்கு முதலாளி பணம் போடமாட்டார். போட்டால் ஆள் வேறிடம் போய்விடுவார் என்ற பயம். அதனால் அந்தச் செலவு படிப்பவன் தலையில் விழுகிறது. குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் உதவும் பயிற்சி என்றால் முதலாளியும் செலவில் பங்கு போடுவார். பட்டறைக்காரர் இவ்வளவு தாராளமாகக் கூப்பிடுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் நல்ல மனிதர், மாமாவுக்கு நிறையச் செய்திருக்கிறார். ஆனாலும் பையனுக்கு 16 வயதுகூட ஆகவில்லை. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை அபாயகரமான வேலையில் வைக்கக் கூடாது என்று 2016 சட்டத் திருத்தம் சொல்கிறது. தீயும் ஆசிடும் இருக்கிற இடத்துக்கு இந்த வயதில் அவனை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து அக்காவின் ஆசை. பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு. தனியார் கல்லூரிக்கு வருடம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை. படித்து முடித்து ஒரு வருடம் வரை தவணை கட்டவும் வேண்டாம். ஆனால் வட்டி அதுவரை தூங்காது. 10 சதவீதத் தனிவட்டி என்றே எடுத்துக்கொண்டாலும், தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். அதை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 9,000 ரூபாய் கட்ட வேண்டும்.

இதோடு முடியவில்லை. 1960இல் இன்னொரு பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் படிப்பை முதலீடாகப் பார்க்க வேண்டும் என்று பேசியபோது, படிக்கிற காலத்தில் சம்பாதிக்காமல் விட்ட பணத்தையும் செலவில் சேர்க்கச் சொன்னார். நம் வீடுகளில் இதை யாரும் எழுதுவதில்லை. 18 வயதில் வேலைக்குப் போனால் மாதம் 12,000 என்று வைத்தால், நான்கு வருடத்துக்கு 5 லட்சத்து 76 ஆயிரம். வாங்கிய கடனைவிட இது பெரிது! அக்கா இந்த வரியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, பாலிடெக்னிக். பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ. அதன்பின் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம், இன்னும் மூன்று வருடம். மொத்தம் இதுவும் ஆறுதான்! அதே வயதில் அதே பட்டம். வித்தியாசம் நடுவில் இருக்கிறது. மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு கதவு திறக்கும்: 19 வயதில் வேலைக்குப் போகலாம், அல்லது தொடரலாம். பையன் அப்போது எப்படி இருக்கிறான், வீட்டு நிலைமை என்ன, எந்தத் தொழிலில் ஆள் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதுவரை பெரிய கடன் தேவையில்லை. அரசுப் பாலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. பி.இ.க்குப் போவதா என்ற கேள்விக்கும் அப்போது ஒரு அளவுகோல் கையில் இருக்கும்: மூன்று வருடத்துக்கு 3 லட்சம் கடன் என்றால், அதே கணக்கில் தவணை மாதம் சுமார் 6,500. கடன் வாங்கிப் படித்தால் டிப்ளமோ சம்பளத்தைவிட அந்த 6,500 கூடக் கிடைக்குமா?

இதற்கும் ஒரு குறை உண்டு. பிளஸ் டூ படித்தவனுக்கு மருத்துவம், சட்டம், பி.காம்., பி.எஸ்சி. என்று எல்லாப் பக்கமும் போகலாம். டிப்ளமோவில் பாதை குறுகிவிடும். லேட்டரலில் சேர்கிறவர்கள் பி.இ. கணக்குப் பாடத்தில் திணறுவதையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பையன் கையால் செய்கிற வேலையில் கெட்டிக்காரன். பழைய மிக்ஸி மோட்டாரைக் கழற்றி மாட்டி ஓட்டிக் காட்டியவன். அவனுக்கு நான் டிப்ளமோ என்றே எழுதினேன்.

செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவருக்கு இன்னொரு வசதி, பஸ் ஏறினால் கல்லூரி. ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பையனுக்கு முதலில் ஏற்காட்டுக்கு வந்து, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சேலம். அவன் கணக்கில் முதல் வரியே விடுதிதான்.

கிளம்பும்போது பையனின் தங்கச்சிப் பாப்பா கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். எட்டாவது, அரசுப் பள்ளி. அண்ணனை மட்டும் ஃபீஸ் கட்டி மெட்ரிக் பள்ளியில் படிக்க வைத்தார்கள். அது அப்போதே எனக்கு வருத்தம். இப்போது மனசு கேட்காமல் அவளையும் ஒன்பதாவதுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றப் பார்க்கிறார்கள்.

"வேண்டாம் அக்கா" என்றேன். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கணக்கில் அவள் அண்ணனைவிடக் கெட்டி. பிளஸ் டூ வழி அவளுக்குத்தான் பொருந்தும், அதுவும் கடன் இல்லாமல். இப்போது மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். பள்ளிக்குக் கட்ட நினைத்த பணத்தில் சாயங்காலம் அவளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தர நல்ல டீச்சர் ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நோட்டுப் பக்கத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.