தனியாக வாஷிங்டன் பயணம்: காரை ஊருக்குள் கொண்டுபோவதா, வெளியே நிறுத்துவதா?

தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வாஷிங்டன் டிசி போகிறவர்கள் நேராக ஊருக்குள் நுழையலாம், இல்லையென்றால் வியன்னா, ஷேடி குரோவ், கிரீன்பெல்ட் மாதிரி புறநகர் மெட்ரோ நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயில் ஏறலாம். என் ஓட்டு ரயிலுக்குத்தான்.

1791-ல் பியர் லான்ஃபான் வகுத்த ஊர் அது. கட்டம் கட்டமான தெருக்களை அகலமான அவென்யூக்கள் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும், நடுவில் டுபான்ட் சர்க்கிள் மாதிரி ஒரு வட்டம் வரும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஆள் இல்லாதபோது எந்தப் பிரிவில் திரும்புவது என்று யோசிப்பதற்குள் அதைத் தாண்டியிருப்போம். வார நாள் காலை நெரிசலில் ஐ-66 நெடுஞ்சாலை வழியாக உள்ளே வந்தால் தனி ஆளுக்குச் சுங்கம் வேறு.

வியன்னாவில் ஆரஞ்சு லைன் ஏறினால் வண்டி மாறாமல் ஸ்மித்சோனியன் நிலையம். படியேறி வெளியே வந்தால் நேஷனல் மால் புல்வெளி, ஒரு பக்கம் வாஷிங்டன் நினைவுத்தூண், மறுபக்கம் தூரத்தில் கேப்பிடல் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடம்! சுற்றியிருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம், பார்க்கிங் கவலை இல்லாமல் நாள் முழுக்க உள்ளேயே இருக்கலாம்.

சரி, கார் எங்கே ஜெயிக்கிறது? லிங்கன் நினைவிடத்துக்கு மெட்ரோவிலிருந்து நல்ல நடை இருக்கிறது, இரவில் பார்க்க ஆசைப்பட்டால் காரே வசதி. அப்புறம், ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுன்ட் வெர்னன். அங்கே மெட்ரோ போகாது, பொட்டோமாக் ஆற்றோரப் பார்க்வேயில் ஓட்டிப் போவதுதான் சுகம்.