பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வீடு புக் பண்ணுகிறவர்கள் படியுங்கள்: எங்களுக்கு ரூ.18,500 போச்சு

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் ஆறவில்லை, அதனால் கோர்வையாக எழுத வருமா தெரியவில்லை. அடுத்த சனி ஞாயிறுக்கு யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. திருப்பூரில் வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் வளர்கிறார்கள். எங்கள் அப்பாரு காலத்துத் தோட்டமெல்லாம் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது. காலாண்டு லீவுக்கு இரண்டு நாளாவது மண்ணில் ஓடட்டும் என்று, தங்கும் வீடுகளைக் காட்டும் ஒரு செயலியில் தேடினேன். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பக்கத்தில் வாய்க்கால். பார்த்ததும் பிடித்துவிட்டது.

அந்த வீட்டுக்கு விளம்பரம் போட்டிருந்த ஆள் பேசியதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "ஏனுங்கக்கா, திருப்பூருங்களா? எங்க மச்சான் அங்கதானுங்க பனியன் கம்பெனில இருக்காரு" என்று ஆரம்பித்தார். அசல் நம்மூர்ப் பேச்சு. தோப்பில் கிணறு இருக்குமே, சின்னப் பையன் ஓடுவானே என்று கேட்டேன். "இரும்பு வலை போட்டு மூடியிருக்குதுங்க, எங்கூட்டுக் கொழந்தைகளும் அங்கதானுங்க வெளையாடுது" என்றார். ராத்திரியில் பூச்சி பொட்டு வருமா என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். ஒரு தாய் எதற்கெல்லாம் பயப்படுவாளோ அத்தனைக்கும் பதில். அப்புறம் கன்றுக்குட்டி வீடியோ ஒன்று அனுப்பினார். "போன வாரந்தானுங்க மாடு கன்னு போட்டுச்சு. பாப்பா கையாலயே தீனி குடுக்கலாமுங்க." மகள் அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. நான் நம்பியது அந்த இடத்தில்தான்.

செயலியில் கட்டினால் 16,000, கமிஷன் போய்விடும், நேராக அனுப்பினால் 14,500 என்றார். முதலில் 5,000 அனுப்பினோம். வியாழக்கிழமை, "வேறொரு பார்ட்டி முழுப்பணமும் தர்றேன்னு நிக்கிறாங்க" என்றதும் மீதி 9,500. அப்புறம் டெபாசிட் 4,000, காலி செய்யும்போது திருப்பித் தருவாராம். பணம் அனுப்பும்போது திரையில் ஏதோ கடைப் பெயர் வந்தது. கேட்டதற்கு, "சம்சாரத்தோட கடை அக்கவுண்டுங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். ஆக மொத்தம் 18,500. என் வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

பல்லடம், நெகமம் வழியாகப் பொள்ளாச்சி போய், அவர் அனுப்பிய லொகேஷனைப் பிடித்துக்கொண்டு போனோம். கேட் பூட்டியிருந்தது. போன் செய்தால், "வாட்ச்மேன் தண்ணி பாய்ச்சப் போயிருக்கார், பத்து நிமிசமுங்க". அரை மணி கழித்து, "வந்துட்டே இருக்காருங்க". அதற்குப் பிறகு சுவிட்ச் ஆஃப். பக்கத்துத் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "இந்த ஊட்டை வாடகைக்கு உடறதில்லையே சாமி. ஓனருங்க கோயமுத்தூர்ல இருக்காங்க. இந்த மாசத்துல இதே மாதிரி வந்த மூணாவது வண்டி நீங்க" என்றார். அவரே இரண்டு இளநீர் வெட்டிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மகள் கையில் ஒரு பாலிதீன் பை. கன்றுக்குட்டிக்கென்று வீட்டிலிருந்து கேரட் நறுக்கி எடுத்து வந்திருந்தாள். கேட் கம்பிக்குள் முகத்தை வைத்து, "கன்னுக்குட்டிய எங்க கட்டியிருக்காங்கம்மா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? லீவு நாளென்பதால் பொள்ளாச்சியில் கேட்ட இடத்திலெல்லாம் ரூம் இல்லை. மகன் வழியெல்லாம் வாந்தி. திருப்பூர் வந்து சேர ராத்திரி பதினொன்று.

செயலிக்காரர்களிடம் புகார் சொன்னேன். சாட்டில் ஒரே வாக்கியம் மூன்று முறை வந்தது: வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. சரி, பணத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. அந்த விளம்பரம் உங்களுடையதுதானே? அதை எடுங்கள் என்றால், "48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்". நேற்று புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். என்ன தீர்த்தார்கள்? 18,500 போனது போனதுதான். வங்கியில், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்களே மேடம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இதோடு விடவில்லை. ஞாயிறு மதியம் வேறு நம்பரிலிருந்து ஒருவன், ரீஃபண்ட் தருகிறோம், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றான். என் வீட்டுக்காரர் ஸ்கேன் செய்யப் போனை எடுத்தேவிட்டார், நான் பிடுங்கினேன். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் பின் நம்பர் போடவே தேவையில்லை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், பையன் அழுகிறான். செயலிக்கு வெளியே பணம் கட்டாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். திரையில் வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். வீட்டு வாசலில் நின்று வீடியோ கால் பேசச் சொல்லுங்கள். ஏமாந்தால் உடனே 1930க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, போன் அடியுங்கள். நாங்கள் அந்தப் பெரியவர் முன்னாலேயே அடித்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் அடித்தோம். புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

இப்போது கூடப் பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது. இந்தச் சனி ஞாயிறுக்குக் காலி என்று காட்டுகிறது.