ஐஸ் றோட்டுக்கு ஆணி ரயர்: பாவித்தவளின் கருத்து

ஒஸ்லோவுக்கோ டொரொன்டோவுக்கோ புறப்படுகிற பிள்ளைகள் என்னிடம் "பனிக்குள்ள சைக்கிள் ஓட ஏலுமா ரீச்சர்?" என்று கேட்டால் இப்போது நான் தயங்காமல் சொல்வேன்: ஏலும், ஆணி ரயர் போட்டால். முன்சில்லு, பின்சில்லு இரண்டுக்கும் போட வேண்டும்.

நான் திருகோணமலை உப்புவெளியில் இருப்பவள். வேலையில் இருந்த காலம் முழுக்கச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். மாரியில் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மணல் நிலாவெளி றோட்டில் தாருக்கு மேல் படிந்து கிடப்பதும், கோணேசர் கோயில் இறக்கத்தில் மான் குறுக்கே வருவதும் எனக்குப் பழக்கம். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஒஸ்லோ போனபோது அங்கே மார்கழி. வீடு ஃபுருசெத் பக்கம். மருமகன் வருடம் முழுக்க வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். அவருடைய வண்டியிலும் மகளின் வண்டியிலும் பூட்டியிருந்தவை ஷ்வால்பே நிறுவனத்தின் மரதன் விண்டர் பிளஸ் ரயர்கள். மகள் ஓட முடியாத அந்த நாட்களில் அவளுடைய வண்டியைப் பால், மரக்கறி வாங்க நான் எடுத்துக்கொண்டு போவேன்.

ரயரின் றப்பர் கட்டைகளுக்குள் சின்ன உலோக ஆணிகள் நான்கு வரிசையாகப் பதிந்திருக்கின்றன. ஒரு ரயரில் 200க்கும் மேல். நுனியில் இருப்பது வெறும் இரும்பு இல்லை, டங்ஸ்டன் கார்பைட் என்ற மிகக் கடினமான பொருள். வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஒஸ்லோவில் குளிர்காலம் முழுக்க றோட்டு வெள்ளையாகக் கிடப்பதில்லை. ஒரு துண்டு ஐஸ், அடுத்த துண்டு வெறும் தார். சாதாரண இரும்பு ஆணி அந்தத் தாரில் உரசி விரைவில் மொட்டையாகிவிடும். விலை குறைகிறதே என்று அதை வாங்க வேண்டாம்.

ஐஸின் மேல் எப்படி இருந்தது? நேராக ஓடும்போது பிடி உறுதியாகவே இருந்தது. வண்டியை விட்டு இறங்கிக் காலை வைத்தால்தான், பாசி பிடித்த கிணற்றடி போல எவ்வளவு வழுக்குகிற இடத்தில் இவ்வளவு நேரம் ஓடியிருக்கிறோம் என்று விளங்கும். வெறும் தாரில் 'சரசர' என்று சத்தம் வரும், மிதிக்கக் கொஞ்சம் பாரமாகவும் இருக்கும். ஆணி ரயர் எதுவானாலும் இவை இரண்டும் உண்டு. பாதுகாப்புக்குக் கொடுக்கிற விலை என்று நான் அதை மனமார ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் ரயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. மருமகன் முதல் நாளே சொன்னார்: "மாமி, வளையக்க பிறேக் பிடிக்காதேங்கோ. வளைவுக்கு முதலே பிடிச்சு வேகத்தைக் குறையுங்கோ." பொன்னான வார்த்தை. சில்லுக்கும் தரைக்கும் இருக்கிற பிடி ஓரளவுதான். திரும்புவதும் நிறுத்துவதும் அதைப் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் போதாது. பின்பிறேக்கை முதலில், முன்பிறேக்கை மெதுவாக. இங்கே நாம் செய்வது போல உடம்பைச் சாய்த்துத் திரும்பக் கூடாது. நிமிர்ந்து, அகலமாக வளைய வேண்டும். முன்னால் போகிற வாகனத்துக்கும் நமக்கும் இடையில் வழக்கத்தை விட நிறைய இடம் விட வேண்டும்.

குளிர் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்றுதான் இங்கிருந்து போகிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பூச்சியத்தை ஒட்டிய நாட்கள்தான் மோசம். ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், அதுதான் வழுக்கும். பகலில் உருகிய தண்ணீர் பின்னேரம் மறுபடி உறையும்போது, தார் நனைந்திருப்பது போல மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மைனஸ் பத்தில் உலர்ந்து கிடக்கிற ஐஸ் அதை விடப் பரவாயில்லை. பாலங்களில் இன்னும் கவனம் வேண்டும். அடியாலும் குளிர்காற்று போவதால் மற்ற றோட்டுக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்றை மட்டும் பார்த்து ஓடிப் பழகிய நமக்கு இது புதுப் பாடம்.

இந்த ரயராலும் முடியாத இடம் ஒன்று இருக்கிறது. கார்ச் சில்லுகள் உழுது, அப்படியே இறுகிப்போன பள்ளங்களின் மேல் புதுப்பனி விழுந்து மூடியிருந்தால், ஆணிக்கு ஐஸ் எட்டாது, பள்ளமும் தெரியாது. அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு போவதுதான் சரி.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவையும் உண்டு. புது ரயரைப் போட்டவுடன் வேகமாக மிதிக்கவோ இறுக்கிப் பிறேக் பிடிக்கவோ கூடாது. சுமார் 40 கிலோமீற்றர் வெறும் றோட்டில் நிதானமாக ஓடினால்தான் ஆணிகள் றப்பருக்குள் இறுகி உட்காரும். காற்று அடுத்த விடயம். ஐஸ் இருக்கும் நாளில், ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவை ஒட்டி வையுங்கள். அப்போதுதான் ரயர் அகன்று ஓரத்து ஆணிகளும் நிலத்தைக் கடிக்கும். காசு ஒரு ரயருக்குத்தான் போதும் என்றால் முன்சில்லுக்குப் போடுங்கள். பின்சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன்சில்லு வழுக்கினால் விழுவதுதான்.

அளவு விடயத்தில் பலர் தடுமாறுவார்கள். 28 அங்குலம் என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மகளின் வண்டி ரிம் 622, அதாவது ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் மில்லிமீற்றரில். இங்கே பழைய பெரிய சைக்கிள்களில் வரும் 28 × 1½ என்ற அளவின் ரிம் 635. இரண்டையும் 28 என்றே சொல்வார்கள், ஒன்று மற்றதில் ஏறாது. பழைய ரயரில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரு ரயர் 500 குரோணருக்கு மேல் வரும். ஒஸ்லோவில் காருக்கு ஆணி ரயர் போட்டால் மாநகரத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும், சைக்கிளுக்கு அது இல்லை.

லைற்றையும் மறக்க வேண்டாம். மார்கழியில் அங்கே காலை 9 மணிக்குப் பிறகுதான் சூரியன் வரும், பின்னேரம் 3 மணி தாண்டியதும் மறைந்துவிடும். இருட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் லைற் இருக்க வேண்டும் என்பது சட்டம். றோட்டில் போடுகிற உப்பு செயினைத் தின்றுவிடும். கடற்காற்றில் செயின் துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைத் துடைத்து எண்ணெய் விடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் திரும்பி வரும்போது பழைய மாணவன் ஒருவன், "மாரிக்குப் போட ஒரு சோடி கொண்டு வாங்கோ ரீச்சர்" என்று கேட்டான். கொண்டுவரவில்லை, காரணத்தையும் அவனுக்குச் சொன்னேன். ஈரத் தாரைப் பிடிப்பது றப்பர். ஆணி ஐஸைக் கடிக்கவென்றே செய்யப்பட்டது; தாரில், பாதைக் கடவையின் வெள்ளைக் கோட்டில், இரும்பு மூடியில் அது றப்பரின் பிடியைக் குறைக்கத்தான் செய்யும். திருகோணமலை மாரிக்கு வேண்டியது தேயாத சாதாரண ரயரும் நல்ல பிறேக் றப்பரும்தான். பிறேக் றப்பர் மாற்ற பெரிய செலவு இல்லை. ஐப்பசி பிறக்க முதல் மாற்றிவிடுங்கள். பின்ரயரில் பூ அழிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.