ஊத்துக்குளிச் சாலையும் என் சான் ஸ்டார்மும்

கரூரில் சான் ஸ்டார்ம் என்ற, கூரையைத் திறக்கக்கூடிய சின்னக் கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, "வாங்கலாமுங்களா மாமா?" என்று அக்கா மகன் கேட்ட அன்று, அதே வகைக் காரான என்னுடையது பட்டறையில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. சைலன்சர் குழாய் இணைப்பில் விட்டுப்போய், ஒரே ஒரு ரப்பரின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதே இடம் இதற்கு முன்பும் மூன்று முறை விட்டிருக்கிறது. அந்த நேரத்தில் பதில் சொல்லியிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது நியாயமான பதிலாக இருக்காது என்பதால், ஒரு வாரம் பொறுத்து, ஒன்பது ஆண்டு ஓட்டிய அனுபவத்தை முழுமையாக எழுதுகிறேன்.

இந்தக் காரைத் தேடுகிறவர்களுக்கு 1149 சிசி ரெனோ எஞ்சின், கண்ணாடியிழை உடல், கித்தான் கூரை, இரண்டு இருக்கை ஆகிய விவரங்களைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது 2001இல் பதிவானது. 2017இல், முதல் 15 ஆண்டு முடிந்து பதிவு புதுப்பிக்கப்பட்ட நிலையில், இரண்டு லட்சத்துக்கும் குறைவாக வாங்கினேன். வீட்டில் வேறு கார் இருக்கிறது. இது நான் வேலைக்குப் போய்வருவதற்கான கார். சென்னிமலையிலிருந்து ஊத்துக்குளி வழியாகத் திருப்பூருக்கும், விடுமுறை நாட்களில் காங்கயம், தாராபுரம் பக்கமும் இதில்தான் போகிறேன்.

முதலில் இதன் அருமையைச் சொல்லிவிடுகிறேன். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், வெயில் தாழ்ந்த பிறகு கூரையைத் திறந்துவிட்டு ஓட்டினால், ஊர் முதலில் மூக்குக்குத்தான் தெரிகிறது. கொப்பரை காயப்போட்ட களங்களைத் தாண்டும்போது எண்ணெய் மணம் இருபுறமும் சூழ்ந்துகொள்ளும். அதைக் கடந்ததும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களிலிருந்து காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் வாசம் வரும். மழை பெய்த மறுநாளானால் அதே காடுகளின் செம்மண் வாசம் வரும். இருபது ஆண்டுகளாக இதே சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி காரில் போயிருக்கிறேன். இந்த மூன்று வாசமும் அடுத்தடுத்து எந்த இடத்தில் மாறுகின்றன என்பதை இந்தக் கார் வந்த பிறகே அறிந்தேன். ஆடிக் காற்றில் மட்டும் இந்த இன்பம் கிடைக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசுவதால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் கூரையை மூடியே ஓட்ட வேண்டியிருக்கிறது.

மலை ஏறும்போது தெரிவது இன்னொரு குணம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இதைவிடப் பலம் வாய்ந்த கார்கள் என்னைத் தாண்டிப் போயிருக்கின்றன. எஞ்சினின் பலம் 60 குதிரைத்திறன் அளவுதான் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் கார் இலகுவாக இருப்பதாலும், நாம் தரையை ஒட்டி அமர்ந்திருப்பதாலும், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அந்தக் கணமே மூக்கு திரும்புவது இடுப்பில் தெரிகிறது. இரண்டாம் கியரில் வளைந்து மூன்றாம் கியரில் வெளியேறும்போது, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலேயே மனம் நிறைந்துவிடுகிறது. வேகமாகப் போகாமலேயே வேகத்தின் மகிழ்ச்சியைத் தரும் வண்டி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி வேகத்தடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை 23 வேகத்தடைகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று ஒத்த வடிவில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போக்குவரத்து தொடங்கும் முன், நூலும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போய் அவற்றில் பதினொன்றை அளந்தேன். தடையின் இருபுறமும் சாலையில் ஆணி வைத்து நூலைக் கட்டி இழுத்தால் நடு உயரம் சரியாகக் கிடைத்துவிடும். மகளின் பள்ளி முன்னால் இருந்த தடை 14 செ.மீ. உயரமும், வண்டி போகும் திசையில் வெறும் 70 செ.மீ. அகலமும் கொண்டிருந்தது. ஸ்பிரிங் தொய்ந்துவிட்ட என் காரில் சைலன்சர் இணைப்புக்கும் தரைக்கும் இடையே 13 செ.மீ. இருந்தது. அந்த ஒரு செ.மீ. வேறுபாடுதான் நான்கு முறையும் குழாயை அறுத்தது.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிமுறையில் வேகத்தடைக்குத் தெளிவான வடிவம் இருக்கிறது. நடு உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர் என்று வரும் அந்த மேடு, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த வில்லைப் போன்றது. சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்கலாம். 40 மீட்டர் முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேட்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்ட வேண்டும் என்பதும் விதி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர் உள்ள ஒரு கார் அத்தகைய மேட்டின் நடுவில் ஏறி நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். அப்போது மேட்டின் முதுகு காரின் வயிற்றை நோக்கி உயர்வது ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. 70 செ.மீ. அகலத் தடையிலோ சக்கரங்கள் இருபுறமும் கீழே இறங்கிவிட, முழு 14 செ.மீ. உயரமும் வயிற்றின் கீழ் நிற்கிறது. ஆகவே தாழ்வான காருக்கு உயரத்தைவிடக் குறுகலே பெரிய பகை. மெதுவாகப் போனால் இடிக்காது என்று அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு மெதுவாகப் போனாலும் 13 செ.மீ. இடைவெளியில் 14 செ.மீ. மேடு நுழையாது.

இதை எழுதும்போது கோபம் வருகிறது. ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளி முன்னால் வேகத்தடை வேண்டும் என்று பெற்றோர்கள் கொடுத்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டவன். சைக்கிளில் சாலையைக் கடந்த ஒரு பையனைச் சரக்கு வேன் தட்டிவிட்டுப் போனதற்கு அடுத்த வாரம் அது நடந்தது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். தடை போட்ட நாளிலிருந்து அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. தடையே வேண்டாம் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். அதைச் சரியான வடிவத்தில் போட இன்னும் சில கூடை ஜல்லியும் தாரும் ஒரு பலகை அச்சும் போதும் என்பதுதான் என் ஆதங்கம். தவறான வடிவத்தால் துன்பப்படுவது என் கார் மட்டுமன்று. இருசக்கர வண்டியின் பின் இருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்து வரும் பெண்களும், ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளியும் அதே மேட்டில்தான் தூக்கிப் போடப்படுகிறார்கள்.

குழாய் இணைப்பு விட்டுப்போனால் சத்தம் மாறுவதைக் கேட்டும், இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. கூரையை மூடிய சின்ன அறைக்குள் இரண்டு பேர் உட்காரும் கார் இது. இருக்கைக்குக் கீழே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டாம் முறை அறுந்தபோது மழைக்காலமாக இருந்ததால் மூடியபடியே நான்கு நாள் ஓட்டினேன். மாலையில் வீடு வந்து சேரும்போதெல்லாம் தலைவலி இருந்தது. காரணம் புரிந்த பிறகு, பட்டறைக்குப் போகும் வரை கண்ணாடியை இறக்கி நனைந்துகொண்டே ஓட்டினேன். இந்த வகைக் கார் வைத்திருக்கும் எவரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இடைவெளியைக் கூட்ட நான் முதலில் செய்தது தவறான வேலை. ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் துண்டுகளைச் செருகினால் கார் உயரும் என்று ஒருவர் சொல்ல, அப்படியே செய்துகொண்டேன். கார் 2 செ.மீ. உயர்ந்தது உண்மை. ஆனால் வளைவில் தரையைப் பற்றிக்கொண்டு போகும் குணம் போய்விட்டது, சிறு பள்ளம்கூட முதுகுத்தண்டில் ஏறியது. மூன்று மாதத்தில் கழற்றிவிட்டேன். இடைவெளிக்காக இந்தக் காரின் நடையைக் கொடுத்துவிட்டால் பிறகு இதை வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை.

இந்த முறை பழுது பார்த்தவர் கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருப்பவர். குழாயை வெல்டிங் வைக்கும் முன் அவர் காருக்கு அடியில் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு குழாய்களும் சேரும் இடத்தில் இருந்த பிளேஞ்சு என்னும் இணைப்புத் தகடு முட்டை வடிவமானது, அதற்கு இரண்டு போல்ட்டு. யாரோ எப்போதோ அதை நெட்டுக்குத்தாகப் பொருத்தியிருந்ததால் ஒரு போல்ட்டு மேலேயும் மற்றொன்று கீழேயும் இருந்தன. தரைக்கு மிக அருகில் தொங்கியது குழாய் அன்று, அந்தக் கீழ்ப் போல்ட்டின் காதுதான். "இதைப் படுக்க வெச்சுருந்தா இத்தன நாளு இடிச்சே இருக்காதுங்ளே" என்றார். பிளேஞ்சை அறுத்தெடுத்து, கால் சுற்றுத் திருப்பி, இரண்டு காதும் பக்கவாட்டில் வரும்படி வெல்டிங் வைத்துக் கொடுத்தார். அளந்து பார்த்தேன், இடைவெளி 15 செ.மீ. ஆகியிருந்தது. ரப்பர் துண்டும் இல்லை, புது ஸ்பிரிங்கும் இல்லை. எட்டு ஆண்டாக வெவ்வேறு பட்டறைகளில் அறுந்ததை அறுந்த மாதிரியே ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். இவர் ஒருவர்தான் ஏன் அறுகிறது என்று பார்த்தார்.

உதிரிப்பாகம் கிடைக்காத காரை இந்த ஊரில் வைத்துக்கொள்ள முடிவது இப்படிப்பட்டவர்களால்தான். மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தன் கோவையில் வேலை செய்தார் என்பதை நினைத்தால், லேத்தும் வார்ப்படமும் பக்கத்துத் தெருவில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும். கதவுக் கீல் புஷ், கியர் லீவரின் அடிக்கட்டை இரண்டையும் நைலான் கட்டையிலிருந்து லேத்தில் கடைந்துதான் வாங்கினேன். முன் பம்பர் விரிசல் விட்டபோது, பேருந்துக்குக் கூடு கட்டும் கரூருக்குக் கொண்டுபோனேன். அங்கே பேருந்தின் முகப்புக்குக் கண்ணாடியிழை வேலை செய்பவர், விரிசலின் உட்புறத்தைச் சுரண்டி, இழைப் பாயைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்து, ரெசினைத் தடவி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காதபடி தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி அமுக்கினார். கத்தரியால் வெட்டாமல் ஏன் கிழிக்கிறார் என்று கேட்டேன். கிழிந்த ஓரத்தின் நூல்கள் பழைய பாகத்தோடு கலந்து பிடித்துக்கொள்ளும் என்றார். ஐந்து ஆண்டாகியும் அந்த இடம் பிரியவில்லை. கண்ணாடியிழை துருப்பிடிக்காது என்பதால், இந்த வயதிலும் காரின் உடலைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

மற்றச் செலவுகள் சொல்லும்படி இல்லை. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களுக்கு ஆகாது என்பதால் எரிபொருள் குழாய்களை மாற்றிவிட்டேன். 20 ஆண்டைக் கடந்த கார்களுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

பட்டறையிலிருந்து காரை எடுத்து வந்த மறுநாள் பள்ளி முன்னால் இருந்த தடையை நேராகவே கடந்தேன். ஒன்பது ஆண்டில் முதல் முறையாக அடியில் எந்தச் சத்தமும் எழவில்லை. அன்று மாலையே அக்கா மகனைக் கூப்பிட்டு வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் மூன்றாம் நாள் ஊத்துக்குளிக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் புதிதாக ஒரு தடை முளைத்திருந்தது. பலகையும் இல்லை, வெள்ளைப் பட்டையும் இல்லை. இருட்டில் அருகில் வந்த பிறகே தெரிந்து, பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். இறங்கி அளந்தேன். அகலம் 60 செ.மீ.; உயரம் 16 செ.மீ.

ஆகவே மாப்பிள்ளை, என் பதில் வேண்டாம் என்பதே. கார் நல்ல கார். நான் விற்க மாட்டேன். ஆனால் உன் வீட்டிலிருந்து கொடுமுடி வரை உள்ள வாய்க்கால் சாலையில் எத்தனை தடை இருக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை நூல் பிடித்து அளந்து, அளவுகளை எனக்கு எழுதி அனுப்பு. எல்லாம் 14 செ.மீ.க்குள் இருந்தால் நாம் மீண்டும் பேசலாம். நான் இந்த வாரம் அந்தப் புதுத் தடையின் படத்தை வரைந்து, பக்கத்தில் விதிமுறையின் படத்தையும் வரைந்து, உரிய பொறியாளரிடம் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். அதுவரை விஜயமங்கலம் வழியாகச் சுற்றித்தான் போகிறேன்.