தற்காலிக விடுவிப்பா, ரிட் மனுவா?

இந்தியாவில் சுங்கத்துறை முறைகேடாகக் கைப்பற்றிய வாகனத்தை மீட்க இரு வழிகள் உள்ளன. சுங்கச் சட்டம், 1962-இன் 110ஏ பிரிவில் தற்காலிக விடுவிப்பு கோரி, பிணைமுறியும் (நிபந்தனைகளை மீறினால் பணம் கட்டுவதாக எழுதித் தரும் உறுதி) அதிகாரி கேட்கும் ஈட்டுறுதியும் (வைப்புத்தொகை, வங்கி உத்தரவாதம் போன்றவை) கொடுத்தால் வண்டி கைக்கு வரும். கைப்பற்றியது சரியா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் ரிட் மனு அந்தக் கேள்வியையே எழுப்புகிறது. ஆறு மாதத்துக்குள், அல்லது முறைப்படி நீட்டித்த மேலும் ஆறு மாதத்துக்குள், பறிமுதல் அறிவிப்பு (ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்பது) வராவிட்டால் வாகனத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பதே இதில் வலுவான வாதம். ஆனால் 2018 திருத்தத்துக்குப் பின், தற்காலிக விடுவிப்பு ஆணை பிறந்துவிட்டால் இந்தக் காலக்கெடு பொருந்தாது. கெடு முடியும் தறுவாயில் அவசரப்பட்டு விண்ணப்பிப்பவர் தம் வலுவான வாதத்தை இழக்கிறார். வண்டியே பிழைப்பு என்றிருப்பவருக்கோ, தொடக்கத்திலேயே விடுவிப்புக் கோருவதுதான் நல்லது என்பேன்.